கடலோர வீட்டுக்குப் பதினோரு பேர்

தேவகோட்டையிலிருந்து அத்தை எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். "ஒரு கார்த்திகைக்காவது என்னைத் திருவொத்தியூருக்குக் கூட்டிட்டுப் போயிடுப்பா." இந்த வருடம் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநாளே கணக்கு ஏறத் தொடங்கியது. அத்தை, அத்தை மகள், அவள் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள். அத்தை வருகிறார் என்றதும் என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒன்றரை வயதுக் குழந்தை. கோயம்புத்தூரிலிருந்து கல்லூரி நண்பரும் அவர் மனைவியும். என் மாமனார். ஆக மொத்தம் பதினோரு பேர். எங்களுக்குக் கொளத்தூரில் இருப்பது ஒரு அறையும் ஒரு ஹாலும்.

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் ஆதிபுரீசுவரர் புற்று வடிவானவர். வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசத்தைக் களைந்து, புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்துவார்கள். அந்த மூன்று நாளும் கொளத்தூரிலிருந்து பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போய்வருவது நடக்காத காரியம். பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்குவது, கூடவே பிள்ளைகளுக்குக் கடல் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் நாள் வாடகைக்கு ஒரு பிளாட் இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் நம்பர் கொடுத்தார். போனில் பேசியவர் நாலு விஷயம் சொன்னார். பால்கனியில் நின்றால் கடல். கீழே இறங்கினால் கடற்கரை. இருபத்து நாலு மணி நேரமும் தண்ணீர். லிஃப்ட் உண்டு. ஒரு நாளைக்கு 4,500 ரூபாய். முன்பணம் அனுப்பினால் வீடு உங்களுக்கு என்றார். பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றேன். கார்த்திகை முதல் ஞாயிறு, விடிவதற்கு முன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இரவு பெய்த மழையில் சாலையெல்லாம் நனைந்து கிடந்தது.

முதலில் காசிமேடு. கோயில் முடிந்த மறுநாள் எல்லோருக்கும் மீன் சாப்பாடு போடவேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். போகிற வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தின் முன்னால் வண்டியை நிறுத்தினேன். முகப்புத் தூண்கள் மழை ஈரத்தில் பளிச்சென்று இருந்தன. 1856 ஜூலை 1 முதல் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை பயணிகள் ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். பிள்ளைகளை இங்கே பத்து நிமிடம் நிறுத்திக் காட்டலாம் என்று குறித்துக்கொண்டேன். அங்கிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு இரண்டு கிலோமீட்டர் சொச்சம்.

ஆறு மணிக்கே வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. உள்ளே கணுக்கால் வரை மீன் தண்ணீரும் ஐஸ் கரைசலும். செருப்பு வழுக்குகிறது, அத்தையை இங்கே நடக்கவிட முடியாது. வஞ்சிரம் கிலோ 1,100 என்றார் ஒரு அக்கா. நாலு கூடை தள்ளி இன்னொருவர் 900 என்றார். இரண்டு பேருமே "இப்போ இறங்குன மீனு" என்றுதான் சொன்னார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தேன். 1,100 ரூபாய் மீனின் செவுள் மாதுளை முத்து மாதிரி சிவந்திருந்தது. 900 ரூபாய் மீனில் அது பழுப்பாகி, விரலில் கொழகொழவென்று ஒட்டியது. சங்கரா 350, நெத்திலி 200. வெட்டித் தர கிலோவுக்கு 40. துறைமுகத்தை விட்டு வெளியே வரும் இடத்தில் கடப்பாக் கல் மேடையில் மீன் வறுத்துத் தரும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாங்கிய மீனைக் கொடுத்தால் மசாலா தடவிப் பொரித்துத் தருகிறார்கள். இதையும் குறித்துக்கொண்டேன்.

அங்கிருந்து வடக்கே கடலோரமாகவே எண்ணூர் விரைவுச் சாலை. வலது பக்கம் கடல் இருக்கிறது என்று தெரியும். ஆனால் கருங்கல் சுவர்தான் கண்ணில் படுகிறது. இடது பக்கம் கன்டெய்னர் டிரெய்லர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. டிரைவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஸ்டவ் வைத்து டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாட் வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது மணி எட்டு.

கட்டடம் சாலைக்கு மேற்கே நிற்கிறது. காவலாளி பெரியவர் சாவியோடு வந்தார். லிஃப்ட் கதவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சாத்தி வைத்திருந்தது. "மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு சார், ரெண்டு நாள்ல வந்துருவான்" என்றார். நாற்காலி மேல் இருந்த தூசியைப் பார்த்தால் அது அங்கே வந்து இரண்டு மாதமாவது ஆகியிருக்கும். படியேறினேன், எண்ணிக்கொண்டே ஏறினேன். மூன்றாவது மாடிக்கு ஐம்பத்து நாலு படி. அத்தைக்கு இரண்டு முட்டியும் தேய்ந்தவை. மாமனாருக்குப் போன வருடம்தான் ஸ்டென்ட் வைத்தார்கள்.

வீடு மோசமில்லை. ஹால் பதினேழு அடிக்குப் பதினோரு அடி இருக்கும். பாய் விரித்தால் ஆறு பேர் படுக்கலாம். இரண்டு படுக்கையறை நல்ல அறைகள். மூன்றாவது என்று சொன்னது ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூம். கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். ஃபேன் இறக்கைகளின் ஓரமெல்லாம் உப்புக் காற்றில் துரு ஏறிப் பொரிந்திருந்தது. பால்கனிக் கதவைத் திறந்ததும் காற்று ஆளைத் தள்ளியது. கடல் நன்றாகத் தெரிந்தது, அதில் பொய்யில்லை. தெற்கே துறைமுகத்தின் கிரேன்கள், நடுக்கடலில் முறைக்காகக் காத்து நின்ற கப்பல்கள் ஏழு. அழகான காட்சி. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி நின்று பார்த்தேன். கையை எடுத்தபோது உள்ளங்கை கறுப்பு. கைக்குட்டையால் ஒரு சாண் இடத்தைத் துடைத்தேன், கைக்குட்டையும் கறுத்தது. "காலைலதான் பெருக்கினேன் சார்" என்றார் பெரியவர். தரை சுத்தமாகத்தான் இருந்தது. தம்பியின் குழந்தை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அந்தக் கையை வாயில் வைக்கும்.

சமையலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது, வேகமாகவே வந்தது. தொட்டி ஓரத்தில் கிடந்த சோப்புத் துண்டை எடுத்துக் கை கழுவினேன். எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை. கையில் வெள்ளையாகத் திரிந்து ஒட்டியது. எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன். "போர் தண்ணிங்க, ஒரே உப்பு. குளிச்சுக்கலாம், பருப்பு வேகாது. சமையலுக்குக் கேன்தான் வாங்கணும். மெட்ரோ வாட்டர் லாரி வந்தா கீழ எறங்கிப் புடிக்கணும்" என்றார். கேன் கீழ்க்கடையில் 40 ரூபாய்; மூன்றாவது மாடிக்குத் தூக்கிவர இன்னும் 10. எங்கள் வீட்டு ஆட்களோடு பதிமூன்று பேருக்கு மூன்று நாளைக்குச் சமையலுக்கும் குடிக்கவும் பதினைந்து கேனாவது வேண்டும்.

கீழே இறங்கினேன். "எறங்குனா கடல்தான் சார். இன்னா, இந்த ரோட்டத் தாண்டணும், அவ்ளோதான்" என்றார் பெரியவர். கேட்டிலிருந்து கல் சுவர் வரை அடி வைத்து எண்ணினேன்: தொண்ணூற்றாறு அடி. அதில் அறுபத்து நாலு அடி சாலை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். முப்பத்தேழு டிரெய்லர்கள் போயின. அதுவும் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் சிக்னலும் இல்லை, நடைமேம்பாலமும் இல்லை. அத்தை மகளின் சின்னப் பையனுக்கு ஆறு வயது. கடலைக் கண்டால் கையை உதறிவிட்டு ஓடுகிற பிள்ளை.

ஓட்டமும் நடையுமாகத் தாண்டிக் கற்களின் மேல் ஏறினேன். அங்கே கடற்கரை என்று ஒன்று இல்லை. யானை முதுகு அளவுக்குப் பெரிய பெரிய கருங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலை வந்து அவற்றில் மோதி, இடுக்குகளில் ஏறி, சாலை வரை தெறிக்கிறது. மணல் ஒரு கைப்பிடி கூட இல்லை.

பிள்ளைகள் மெரினாவைப் பார்த்திருக்கிறார்கள். அதே கடல், அதே ஊர். அங்கே தண்ணீரைத் தொட அவ்வளவு தூரம் மணலில் நடக்கவேண்டும், இங்கே ஏன் கல் என்று கட்டாயம் கேட்பார்கள். இந்தக் கரையோரத்தில் கடல் வருடத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1881 புயல் கட்டியதையெல்லாம் புரட்டிப்போட்டது, மறுபடி கட்டினார்கள். கடலுக்குள் நீட்டிய அந்தச் சுவர் மணலை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை, கடல் உள்ளே வந்தது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்தக் கற்கள் வந்த கதை அதுதான். மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிற நம்மில் எத்தனை பேர் அந்த மணலில் இந்தக் குப்பங்களின் பங்கும் இருக்கிறது என்று நினைக்கிறோம்?

கற்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியம்மா தார்ப்பாயில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தார். மணலே இல்லையா என்று கேட்டேன். கையை நீட்டிக் கடலைக் காட்டினார். "அதோ அலை ஒடையுது பாரு, அங்கதான் எங்க மாமியார் வூடு. நான் கண்ணாலங் கட்டி வந்தது அந்த வூட்டுக்குத்தான்." பேச்சை நிறுத்தாமல் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் காட்டிய திசையில் கரைக்கு நெருங்கிய கற்களின் இடையில் பார்த்தேன். அலை பின்வாங்கும்போது ஒரு கிணற்று உறையின் விளிம்பு தெரிந்தது. வட்டத்தில் கால்பங்குதான் மிச்சம், பாசி பிடித்து. அடுத்த அலையில் மறைந்தது.

மணல் இருக்கும் இடத்தையும் அவரே சொன்னார். "தூண்டில் வளைவு ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் கெடக்கும். புள்ளைங்களக் கூட்டினு வா. காத்தால வேணாம், படகு ஏத்துவாங்க. சாயங்காலம் வா." வடக்கே அரைக் கிலோமீட்டர் போய்ப் பார்த்தேன். கடலுக்குள் நீளும் இரண்டு கல் வரிசைகளுக்கு நடுவே, பிறை மாதிரி, என் நடையில் நூற்றிருபது அடி நீள மணல். ஐந்து படகுகள் ஏற்றி வைத்திருந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்த இளைஞரிடம் சாயங்காலம் பிள்ளைகளை அழைத்து வரலாமா என்று கேட்டேன். "தாராளமா வாங்க அண்ணே. தண்ணில மட்டும் எறக்காதீங்க, இந்த மாசம் இழுப்பு ஜாஸ்தி" என்றார். அவர் சொன்னதற்கு அலையே சாட்சி. திரும்பிப் போகும்போது காலடி மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனது.

கோயிலுக்குப் போனபோது பத்தரை. கடலிலிருந்து நடந்தால் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். மூன்று நாள் கூட்டத்துக்காக உள்ளே சவுக்குக் கட்டை கட்டி வரிசைத் தடுப்பு போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைக்கு இந்தக் கோயிலில் பிடித்த கதை சுந்தரர் கதை. விருந்தாளியாக வந்தவர், சங்கிலியாரைக் கண்டு மணந்து, பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் நினைப்பு வந்து ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயின. அத்தை இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் சங்கிலியார் பக்கம்தான் பேசுவார். மகிழ மரத்தடியில் அவரை உட்காரவைக்க இடம் பார்த்தேன், நிழலும் திண்டும் இருக்கிறது. வடிவுடையம்மன் சந்நிதியில் கூட்டம் குறைவு. தியாகராஜ சுவாமிகள் இந்த அம்மன்மேல் ஐந்து கீர்த்தனைகள் செய்தார். அவருடைய சீடர் வீணை குப்பையர் இந்த ஊர்க்காரர். மாமனார் சங்கீதம் கேட்பவர், அவருக்கு இது போதும்.

வெளியே பூக்கடை அக்காவிடம் ஒரு முழம் கதம்பம் வாங்கினேன், 40 ரூபாய். மூன்று நாள் தங்க வீடு ஏதாவது கிடைக்குமா என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "கவசம் தொறக்கும்போது மாட வீதில நெறைய பேரு வுடுவாங்க. அந்தத் திண்ணை வச்ச வூட்ல கேளு" என்றார்.

வடக்கு மாட வீதியில் அது ஓட்டு வீடு. எழுபது வயது தாண்டிய அம்மா ஒருவர் கதவைத் திறந்தார். முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், இரண்டு பெரிய அறைகள், பின்கட்டில் கிணறு. கழிப்பறை இரண்டு, ஒன்றில் உட்கார்ந்து எழ வசதியாக மேற்கத்திய பீங்கான். கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் ஊற்றிப் பார்த்தேன். லேசான உவர்ப்பு. சோப்பு கேட்டு வாங்கித் தேய்த்தேன், நுரைத்தது. "எங்க வீட்டுக் கிணறு நல்ல கிணறுப்பா" என்றார் அம்மா, சோதனை செய்ததற்குக் கோபப்படாமல். ஒரு நாளைக்கு 3,000. ஒரே ஒரு நிபந்தனைதான். "மீன், கறி மட்டும் இங்க சமைக்காதீங்க. வெளில சாப்ட்டு வந்தா நான் கேக்கமாட்டேன்." தாழ்வாரத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டேன். கடல் தெரியவில்லை, தெருச் சத்தம் ஓயும்போது அலைச் சத்தம் மட்டும் வந்தது. சாயங்காலம் வந்து முடிவு சொல்கிறேன் என்றேன்.

எண்ணூரைப் பார்க்காமல் முடிவு செய்ய மனமில்லை. நண்பர் அந்தப் பக்கம் நல்ல மணல் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். ஒரு காலத்தில் அது ஓய்வெடுக்கும் ஊர்தான். 1806-ல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார்; கோட்டை வெள்ளைக்காரர்கள் எண்ணூரில் பங்களா கட்டி, நண்பர்களை அழைத்து வந்து தங்கினார்கள். கோயிலிலிருந்து முகத்துவாரத்துக்கு என் வண்டி காட்டியது எட்டரைக் கிலோமீட்டர். வழியெல்லாம் ஆலைச் சுவர்கள். முகத்துவாரத்தில் மணல் உண்டு, கூட்டமும் இல்லை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் நாரைகள் நின்றன. அக்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். ஆற்றோரம் இறங்கினேன். செருப்பில் ஒட்டிய சேறு சாம்பல் நிறம், விரலில் தேய்த்தால் திருநீறு மாதிரி மென்மை. இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேர் கையால் துழாவி இறால் பிடித்து, கழுத்தில் தொங்கிய பறியில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது இந்தக் கடலில்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படிந்தது இந்த ஆற்றில்தான். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இவ்வளவுக்கும் பிறகு அந்த இருவரும் அதே தண்ணீரில் நிற்கிறார்கள், அவர்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. நண்பரை இங்கே அழைத்து வருவேன். அவர் பார்க்கவேண்டும். குழந்தைகளை இந்தச் சேற்றில் விளையாட விடமாட்டேன்.

திரும்பி வரும்போது ஐந்து மணி. மாட வீதி முனையில் இட்லிக் கடை திறந்திருந்தது. எண்பது இட்லி, ஒரு தூக்கு வடகறி, காலை ஏழு மணிக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தர 850 ரூபாய் என்று பேசிக்கொண்டேன். தேரடி மெட்ரோ வரை நடந்தும் பார்த்தேன், ஏழு நிமிடம். அத்தை எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் ஒரு முறை மாறினால் நேரே இங்கே வந்துவிடலாம். 2022 மார்ச்சில் இந்த நிலையம் திறந்த பிறகுதான் இந்த வசதி. பிளாட்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். கடல் தெரியுமே சார் என்றார். தெரிகிறது, வயசானவர்களால் ஏற முடியாது என்று சொல்லி வைத்தேன்.

மாட வீதி அம்மாவிடம் 2,000 முன்பணம் கொடுத்தேன். நோட்டுப் புத்தகத்தில் என் பெயரை எழுதிக்கொண்டு, "பாய் எத்தனை வேணும்?" என்று கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து அத்தைக்குப் போன் போட்டேன்.

"வீடு எப்டிப்பா? படி ஏறணுமா?"

"வாசல்ல ஒரே ஒரு படி அத்தை. பக்கத்துல பிடிச்சுக்கத் தூண் இருக்கு."